திருவருட்பயனில் உவமையும் அளவையும்

மெய்கண்ட சாத்திரங்கள் 14 என்ப. அவற்றுள் 8 நூல்கள் கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியர் அருளியனவாக வழங்குகின்றன. அவ்வெட்டனுள் ஒன்றாகிய திருவருட்பயன் அளவாற் சிறியது, ஆழத்தாற் பெரியது. அதிகாரத்திற்குப் பத்தாக 10 அதிகாரங்களில் 100 குறள் வெண்பா, அவற்றின் முன்னர் ஒரு காப்பு, இவ்வளவே நூல். ஆசிரியர்தம் சங்கற்ப நிராகரணத்தில் சகம் 1235, அஃதாவது கி. பி. 1313, என்னும் ஆண்டு குறிக்கப்பட்டிருத்தலின், அவர் வாழ்ந்த காலம் ஐயத்திற்கு இடமானதன்று. எழுநூறு ஆண்டுகளாக மடங்களிலும் மனைகளிலும் பாடஞ் சொல்லப்பட்டு வரும் இந்நூலைப் பற்றிப் புதிதாக உரைத்தற்கு என்ன உண்டு என அன்பர்கள் வினவலாம். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென உணர்ந்தமையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சில திங்களுக்கு முன்னர், தருக்கம் பயின்ற நண்பரொருவர் என் இல்லம் போந்து அளவளாவியிருந்தார். பேச்சு திருவருட்பயனைச் சார்ந்தது. அவர் கூறியது வருமாறு: "அஃது இனிய நூல் என்பதில் தடையில்லை. ஆயினும் அது கவிதையே யன்றிச் சாத்திரமன்று. சிவஞான சித்தியார் பிறர் கொள்கைகளை எடுத்து மறுத்துத் தன் கொள்கையை நாட்டுகின்றது. சிவப்பிரகாசம் பொருள்களை வகுத்து விரிக்கின்றது. இந்நூலோ கூகையையும் பூனையையும் விளக்கையும் நிழலையும் காட்டிக்கொண்டே செல்கின்றது. உவமை மனத்தைக் கவரும், ஒன்றனை நிறுவாது. உயிரின் அறிவு எத்தன்மைத்து என்பது அளந்து துணிதற்குரிய பொருள். அதனை உவமைகளிடம் ஒப்புவித்துவிட்டார் ஆசிரியர்."

இத்தடையை எளிதென்று தள்ளுதற்கில்லை. நம் நூல்களே அதற்கு இடந்தருகின்றன. அருணந்தி சிவாசாரியர் சித்தியாரின் அளவையியலிற் பிறர் கொண்ட அளவைகள் பலவற்றையும் எண்ணுகின்றார். அவ்வெண்ணிக்கையில் ஒப்பு என்பதும் ஒன்று. எண்ணியபின், அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென முடிவு கூறுகின்றார். ஆகவே ஒப்பு, அஃதாவது உவமை, சித்தாந்தத்திற் தனியளவை யாகாது. தனியளவை யாகாத ஒன்றனைக் கொண்டு உயிர், மலம், அருள் என்னும் நுண்பொருள்களை உமாபதியார் நிறுவப் புகுந்தது எவ்வாறு? நண்பர் சென்றபின் இவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. நாற்பதாண்டு இந்நூலைப் பாடஞ் சொன்னவன் இதற்கு விடை கூறவியலாது இருந்தேன் என்பது எனக்கு நாணத்தைத் தந்தது.

விடை நூலின் அமைப்பிலேயே உளது என்பது பின்னர்ப் புலனாயிற்று. சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் பயின்றோர் அதன் வார்த்திகத்தின் முறையை அறிவர். முதலில் மேற்கோள், அதன்பின் ஏது, அதன்பின் எடுத்துக்காட்டு வெண்பா. மேற்கோள் நிறுவப்படுவது, ஏது நிறுவுவது, எடுத்துக்காட்டு அவ்விரண்டும் கூடி நிற்றலை உலகில் வைத்துக் காட்டுவது. எடுத்துக்காட்டு கருதலளவையின் உறுப்பேயன்றி, அதற்குப் புறம்பாகிய அணியன்று. உமாபதியார் கையாண்ட யாப்போ ஏழு சீரான் முடிவது. மூன்றுறுப்பும் அதனுள் நிரம்ப அடங்கா. அடங்காமையின் அவர் ஒன்றனை விடுதல் வேண்டிற்று. எதனை விட்டார் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. பல குறள்களில் அவர் விட்டது ஏது. சிலவற்றில் மேற்கோளையும் விட்டார். எஞ்சி நிற்பது எடுத்துக்காட்டு ஒன்றே. விட்டவற்றை நிரப்புதல் ஓதுவோன் கடனாயிற்று.

இரண்டாம் அதிகாரமாகிய உயிரவைநிலையில் எட்டாம் குறள் இதற்கு நல்ல சான்று. இருளிற் புக்கவிடத்து இருளேயாயும் ஒளியிற் புக்கவிடத்து ஒளியேயாயும் நிற்கும் பொருள்கள் இவ்வுலகத்தில் இல்லையோ என வினவி அக்குறள் முடிந்துவிடுகின்றது. உயிர் என்னும் சொல் அதன்கண் இல்லை. சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் கொள்கைப் பெயரும் இல்லை. அவ்வியல்பு உயிர்க்கு ஏன் பொருந்தும் என்பதற்குரிய காரணமும் இல்லை. அணியிலக்கணத்தார் இதனைப் பிறிது மொழிதல் என்பர். ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பி, ஓதுவோனைத் தன் கண்ணை நினைக்கச் செய்கின்றார். பளிங்கை நினைக்கச் செய்கின்றார். வெளியை நினைக்கச் செய்கின்றார். அவன் 'உளவே' என்று தன்னுள் விடை கூறுகின்றான். அவ்விடை வாய்த்த கணத்திலேயே, இருளுமன்றி ஒளியுமன்றி இரண்டனையும் சார்ந்து நிற்கும் ஒரு பொருள் உண்டாதல் கூடும் என்பதற்கு அவன் உடன்பட்டவனாகின்றான். அவனது உடன்பாடே ஏதுவின் தொழிலைச் செய்கின்றது. அறிவைப் பற்றிய நூல் அறிவித்தற்றொழிலை ஓதுவோன் அறிவினுள்ளேயே நிகழ்த்துகின்றது. இதனைக் கவிதை என்று மட்டும் கூறி அமைதல் எங்ஙனம் தகும்?

இனி, யான் பிழைபட்ட இடங்களைக் கூறுதல் முறை. மடத்துப் பாடசாலையில் ஆசிரியர் முன்னிருந்து இந்நூலை மூலமும் நிரம்ப அழகிய தேசிகர் உரையுமாக மனனஞ் செய்தேன். நூறு குறளும் இன்றும் இடையறாது வரும். ஆயினும் மனனம் வந்த அளவிற் பொருளும் வந்துவிட்டதென எண்ணினேன். இரண்டாம் அதிகாரத்தின் ஐந்தாம் குறளிற் பொறியின் துணையின்றி யாதொன்றனையும் பற்றமாட்டாத உயிருணர்வுக்கு அறிவு என்னும் பெயர் மிகவும் நன்றாய்ப் பொருந்துமென ஆசிரியர் உரைக்கின்றார். இதனை உயிரின் இலக்கணங் கூறும் குறளென்றே பல்லாண்டு சொல்லி வந்தேன். அதன் முன்னுள்ள குறளையும், நனவிற் கண்டவற்றையே கனவிற் கண்டு நாடோறும் கலங்கும் உயிரின் பேராற்றலை என்னென்பது என்று வியப்பதாகப் பொருள் கூறிப் போவேன். இரண்டும் இகழ்ச்சிக் குறிப்புடையன. நம்மை நோக்கி ஆசிரியர் நகைக்கும் நகை அவற்றுள் உளது. தன்னை அறிவென்று செருக்குவோன் ஒருவன் இருந்தாலன்றி அந்நகைக்கு இடமில்லை. அவன் யாரெனத் தேடின், புத்தகத்தைக் கையிற் பிடித்து அக்குறளுக்குப் பொருள் விரித்துக்கொண்டிருப்பவனே அவன். நகைப்புக்குரியவன் நகையை அறியாது அதற்குப் பதவுரை சொன்னான் என்றால், ஆசிரியர் கூற்று மெய்யாயிற்று என்பதன்றி வேறென் சொல்வது?

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. மூன்றாம் அதிகாரம் இருண்மலநிலை. உலகத்து இருளுக்கும் ஆணவ இருளுக்கும் உள்ள வேற்றுமையை அவ்வதிகாரம் ஒரு குறளான் உணர்த்துகின்றது. புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன் உருவைக் காட்டும். ஆணவமோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது. கோயில் மண்டபமொன்றில் ஞாயிறுதோறும் யான் நடத்திய சித்தாந்த வகுப்பில் இக்குறள் வந்த நாளில், இருபது வயது நிரம்பாத மாணாக்கர் ஒருவர் எழுந்து, "ஐயா, தன்னையும் காட்டாத ஒன்று உண்டு என்பதை யார் கண்டு சொன்னார்?" என வினவினார். "கண்டவர் சொன்னார், சாத்திரம் சொல்லிற்று, அது போதும். அடுத்த குறளைப் படியும்" என்றேன். அவர் படித்தார். அதன்பின் இரண்டு ஞாயிறு வந்தார், பின்னர் வரவில்லை. வகுப்பில் அமைதி நிலவியதென யான் மகிழ்ந்தேன்.

அவ்வினாவிற்கு விடை எனக்குக் கிடைத்தது நூலினின்று அன்று, கண்ணினின்று. ஈராண்டுக்கு முன்னர், நாடோறும் யான் வழிபடும் கோயிலின் கருவறை விளக்கு மங்கி எரிவதாகத் தோன்றிற்று. சுடரைச் சுற்றிப் புகைபோல் ஒரு வட்டம் தெரிந்தது. எண்ணெய்க்கென அன்பர்கள் தரும் பொருள் வேறு வழிச் செல்கின்றதென ஐயுற்று, விளக்கிடும் முதியவரைக் கடிந்து பேசினேன். அவர் சினவாது, "ஐயா, திரியும் எண்ணெயும் எப்போதும் போலவே உள்ளன. தங்கள் கண்ணை மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள்" என்றார். சினம் எனக்கே வந்தது. என் கண்ணில் யாதொன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. குறை விளக்கிலேயே தெளிவாகத் தெரிந்தது. சில நாட் கழித்து, தூணருகே நின்று தற்செயலாய் ஒரு கண்ணைத் துடைக்கையில் மற்றைக் கண்ணாற் சுடரைக் கண்டேன். பின்னர் மாற்றிக் கண்டேன். ஒரு கண்ணுக்கு மஞ்சட்புகை; மற்றொன்றற்கு அத்துணை இல்லை. விளக்கு ஒன்று, காட்சி இரண்டு. குறை விளக்கினதன்றெனத் துணிந்தேன். மருத்துவர் கண்புரை என்றார். புரையை நீக்கி உள்ளே புதிய வில்லை ஒன்றனை அமைத்தார். கட்டவிழ்த்த மறுநாட் காலை, சுவரின் வெண்மை எனக்கு அச்சந்தருமளவு வெண்மையாயிருந்தது. அன்றுதான், இத்தனை நாளும் யான் கண்டது மங்கற் சுவர் என்பதைக் கண்டேன்.

மாணாக்கர் வினாவிற்கு விடை இதனுள் உளது. அறையில் இருள் சூழ்ந்தால் 'இருளாயிருக்கின்றது' என்று குழவியும் கூறும். கண்ணிற் புரை சூழ்ந்தால் 'புரை சூழ்ந்தது' என்று கண் கூறுவதில்லை. 'விளக்கு மங்கிற்று' என்று கூறுகின்றது. பொருளை மறைத்தலோடு அமையாது, மறைக்கும் தன்னையும் மறைத்து, தன் குறையைக் காணப்படு பொருள்மேல் ஏற்றுவதே அதன் இயல்பு. ஆணவம் தன்னைக் காட்டாமையாவது இத்தகையது. அங்ஙனமாயின் அஃது உண்டென்பது எவ்வாறு பெறப்படும்? எனக்குப் பெறப்பட்ட முறையே ஈண்டைக்கும் முறை. முதலில் உரை: விளக்கிடும் முதியவர் சொல். அதனை யான் ஏற்றிலேன். எனினும் அச்சொல் இல்லையேல் ஐயமும் பிறந்திராது. பின்னர்க் கருதல்: விளக்கு ஒன்றாகவும் காட்சி வேறுபட்டமையாற் குறை காண்பான்கண் உளதெனத் துணிந்தது. இறுதியிற் காண்டல்: புரை நீங்கியபின் நீங்கிய புரையின் தன்மை விளங்கியது. சித்தியார் கூறிய மூன்றளவையும் ஈண்டு முறை மாறி வந்தன. உலகப் பொருள்களைக் காண்டலிற் றொடங்கி உரையளவும் செல்கின்றோம். நம் அறியாமையை அறிதற்கோ உரையிற் றொடங்கிக் காண்டலளவும் செல்லுதல் வேண்டும். 'சாத்திரம் சொல்லிற்று' என்று அம்மாணாக்கருக்கு யான் கூறியது பொய்யன்று. ஆனால் முதற்படியைக் காட்டி, அதுவே மாடம் எனக் கூறிவிட்டேன்.

உவமை ஒருபுடை ஒப்புமையே யாதலின், யான் கூறிய கண்புரைக்கும் எல்லை உண்டு. முதுமையில் வருவது புரை. ஆணவமோ செம்பிற் களிம்புபோல அநாதியே உடன் நிற்பது. புரை பறித்து எறியப்படுவது. ஆணவம் அவ்வாறு அழிந்தொழிவதன்று, அதன் சத்தி மடங்க அடங்கிக் கிடப்பது என்பதே சித்தாந்தத் துணிபு. ஒரு கண்ணை மற்றொரு கண்ணால் அளந்து காண எனக்கு இயன்றது. உயிர்க்கு அவ்வாறு அளந்து காண மற்றோருயிர் தன்னுள் இல்லை. இம்மூன்றிடத்தும் என் உவமை தவறும். இவ்வாறு தவறுமிடத்தை அறிந்து விடுத்தலும் உவமையை ஆளும் முறையின் பகுதியாம். இதனை உமாபதியார் எத்துணை நன்கறிந்திருந்தார் என்பதற்கு நான்காம் அதிகாரமாகிய அருளதுநிலை சான்று.

அவ்வதிகாரத்தில் அருளை ஓரிடத்தில் ஞாயிறு என்கின்றார். ஞாயிறு எங்கும் ஒளி பரப்புவது. ஆயினும் சேய்மையது, 'யான் நிமிர்ந்து நோக்கவில்லை, ஆகலிற் காணேன்' என்று ஒருவன் தப்பலாம். அடுத்துப் பாற்கடலுள் வாழும் மீனைக் காட்டுகின்றார். அம்மீன் பாலினுள்ளேயே இருந்தும் பாலை விடுத்து வேறிரை தேடித் திரிகின்றது. சேய்மை என்னும் சாக்கு ஈண்டு ஒழிந்தது. ஆயினும் கடல் அறிவில்லாதது, அருளோ அறிவு. ஆகவே, அருகே வரும் துணைவனை அறியாது வழிச்செல்வோனைக் காட்டுகின்றார். துணைவன் அறிவுடையோன். ஆனால் அவன் வேறாய் நடப்பவன், அவனின்றியும் நடக்கலாம். அதன்பின் நிலத்தைக் காட்டுகின்றார். ஒவ்வோரடியையும் தாங்குவது நிலம். அதனை எண்ணாது தாமே நடப்பதாகத் திரிகின்றனர் மாந்தர். தாங்குவாரின்றி நடத்தல் ஈண்டு இயலாதாயிற்று. பின்னும், மலைமேல் நின்றே மலையைக் காணாதவரையும், வெள்ளத்துள் நின்றே நா வறள்வாரையும் காட்டி, இறுதியிற் பாற்கலத்தின்மேல் ஏறியிருந்து கரப்பான் பூச்சியைத் தாவும் பூனையைக் காட்டுகின்றார்.

இவ்வடைவை உற்று நோக்குவோர், இது பொருளொன்றன்மேல் உவமை பலவற்றைக் குவித்ததன்று என்பதை அறிவர். ஒவ்வோருவமையும் தன் முன்னதன் குறையை நிரப்பி, நம் சாக்குகளில் ஒன்றனை ஒழிக்கின்றது. சேய்மையினின்று அணிமைக்கும், அறியாமையினின்று குற்றத்திற்கும் அவை நம்மை நடத்துகின்றன. மீன் பாலின் சுவையை அறியாது எனலாம். பூனை பாலை அறியாது எனல் ஒல்லுமோ? அறிந்த பூனையே பாலை விடுத்துப் பூச்சியை நாடுகின்றது. அவ்விடத்தில் ஓதுவோன் நகைத்து, நகைத்தவாறே தன்னைக் கண்டு நாணுகின்றான். தருக்க நூலார் எதிரியின் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து விலக்குவது போல, உமாபதியார் நம் நெஞ்சின் தடைகளை உவமைகளால் விலக்குகின்றார். என் நண்பர் இல்லையென்று குறை கூறிய வாதம் இதுவே. அயலார் மதத்தை மறுத்தல் சித்தியாரின் பணி; ஓதுவோன் நெஞ்சினுள் இருக்கும் மதத்தை மறுத்தல் இந்நூலின் பணி.

எட்டாம் அதிகாரத்தில் வரும் ஓருவமை தமிழ் இலக்கணத்தினின்றே எடுக்கப்பட்டது. அதனைக் கூறாது விடுதல் தமிழாசிரியனாகிய எனக்குப் பொருந்தாது. வீட்டுநிலையில் உயிரும் இறையும் ஒன்றோ இரண்டோ என்னும் வினாவிற்குத் 'தாடலை' என்னும் சொல்லைக் காட்டுகின்றார் ஆசிரியர். தாள், தலை என்னும் இருசொல் புணர்ந்துழி, ளகரமும் தகரமும் கூடி ஒரு டகரமாய் ஒலிக்கின்றன. செவிக்கு ஒருசொல், பொருளுக்கு இருசொல். எங்கே ஒன்று முடிந்தது, எங்கே மற்றது தொடங்கிற்று என அந்த டகரத்தைப் பிளந்து காட்டுதல் இயலாது. ஆயினும் தாள் தலையாகிவிடவில்லை, தலை தாளாகிவிடவில்லை. இறைவன் தாளும் அடியவன் தலையும் சேர்தல் என்னும் வழிபாட்டுக் குறிப்பும் அச்சொல்லினுள் அமைந்து கிடக்கின்றது. அத்துவிதம் என்னும் சொற்குப் பொருள் காண்பதில் எத்துணையோ வாதம் நிகழ்ந்துள்ளது. அதனைப் புணரியல் அறிந்த சிறுவனும் உணருமாறு ஒரு டகரத்துள் வைத்துக் காட்டிய திறம் வியத்தற்குரியது.

நூலின்கண் குறை கூறுதற்கு இடமே இல்லையோ எனின், ஓதுவோர்க்கு இடர் தரும் இடங்கள் உள என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஒன்பதாம் அதிகாரமாகிய அஞ்செழுத்தருள்நிலை, திருவைந்தெழுத்தின் முறைவைப்பை முன்னரே குருமுகமாகக் கேட்டோர்க்கன்றி விளங்காது. ஏனைய அதிகாரங்களில் உலகமே நமக்கு உரையாசிரியனாய் நிற்க, அவ்வதிகாரத்தில் உலகம் வாய் மூடிக்கொள்கின்றது. பொருளின் இயல்பால் அஃது அங்ஙனம் ஆயிற்றெனினும், புதிதாய்ப் பயில்வோர் அவ்விடத்தே தளர்தலை யான் கண்டுளேன். மூன்றாம் அதிகாரத்தில் ஆணவத்தைப் பலரோடு கூடியும் கணவனுக்கும் தோன்றாத கற்புடையாளாக உருவகித்த இடம் சிலர் செவிக்குக் கடுமையாகப் படுகின்றது. அக்கடுமை வேண்டியே வைக்கப்பட்டதென்பது என் கருத்து. தன்னைக் காட்டாமை என்னும் அருவருக்கத்தக்க ஆற்றலைக் கற்பென்று புகழ்தலினும் கூரிய இகழ்ச்சி இல்லை. இறுதியாக, சுருக்கத்தாற் பொருள் இருதலையாக நிற்கும் குறள்களும் சில உள. அவற்றில் உரையின்றிச் செல்லுதல் அரிது.

உரை வேண்டும்; ஆனால் எப்போது வேண்டும் என்பதே நூலைப் பயிற்றுவோர் ஆராய்தற்குரியது. இக்காலத்து எழும் பொழிப்புரைகள் சில, குறளில் வினாவாக நிற்பதனை விடையாக மாற்றி அச்சிடுகின்றன. 'இல்லையோ' என்று ஆசிரியர் வினவினால், 'உண்டு. அதுபோல உயிரும்' என்று உரைகாரர் முந்திக்கொண்டு கூறிவிடுகின்றார். ஓதுவோன் கூறவேண்டிய விடையை அவர் கூறிவிட்டமையின், அவனுக்கு வேலை இல்லை. யானும் நாற்பதாண்டு செய்தது அதுவே. பிறன் உண்ணவேண்டிய சோற்றை யானே மென்று அவனுக்குச் சுவையை எடுத்துரைத்தேன். இப்பொழுது என்னிடம் வரும் மூவர்க்கு வேறுமுறையிற் பாடஞ் சொல்கின்றேன். குறளை ஓதியபின் உரையை மூடி வைக்கின்றோம். இதன் மேற்கோள் யாது, விடப்பட்ட ஏது யாது, இவ்வுவமை எவ்விடத்தில் தவறும் என்னும் மூன்றனையும் அவர்கள் கூறுகின்றனர். அதன் பின்னரே தேசிகர் உரையைத் திறக்கின்றோம். ஒரு மாலைக்கு ஒரு குறளுக்கு மேற் செல்வதில்லை. சில மாலைகளில் அவர்கள் கூறுவதை யான் முன்னர்க் கேட்டதேயில்லை. அம்மாலைகளில் நால்வரும் மாணாக்கரே.

கற்றோர்க்கு இந்நூல் விடுக்கும் எச்சரிக்கை ஒன்றனைக் கூறி முடிக்கின்றேன். கூகையின் கண்ணுக்குப் பேரொளியும் இருளேயாம் என இரண்டாம் அதிகாரம் கூறுகின்றது. கூகைக்குக் கண் இல்லாமலில்லை. இரவில் அது நம்மினும் நன்கு காண்பது. தான் நன்கு காணும் அவ்விருளையே ஒளியென்று பழகினமையாற் பகல் அதற்குத் துன்பமாகின்றது. நூறு குறளும் மனனமாக உடைய ஒருவன் பழகிய இருள் இத்தகையதாதல் கூடும். வினவிய இளைஞர் ஒளியைக் கொணர்ந்தார்; எனக்கு அது வகுப்பின் அமைதியைக் கெடுக்கும் தொல்லையாகத் தோன்றிற்று. குறையை விளக்கின்மேல் ஏற்றியது போலவே, அன்றும் குறையை அவர்மேல் ஏற்றினேன். 'பணிவில்லாதவர்' என்று எண்ணினேன்.

கண் தெளிந்தபின் கோயிலுக்குச் சென்று, விளக்கிடும் முதியவரைக் கைதொழுது பிழை பொறுக்க வேண்டினேன். அவர் சிரித்து, "இன்று திரி நன்றாக எரிகின்றதோ, ஐயா?" என்றார். அம்மாணாக்கர் இன்று எங்குளார் என்பதை யான் அறியேன். வினவுவாரை அமர்த்தி அடுத்த குறளுக்குச் செல்லும் ஆசிரியர் எவரேனும் இதனைக் காண்பராயின், அவ்வினாவை ஒரு மாலைப்பொழுது தம்மிடம் இருத்தி வைப்பாராக. மாணாக்கர் கேட்ட வினாவின் வழியாகவும் அருள் ஆசிரியனுக்கு உணர்த்துதல் உண்டு என்பதை யான் பிந்தி அறிந்தேன். பிறர் முந்தி அறிவாராக.

திருச்சிற்றம்பலம்.